பழையபேட்டை சலூன்: கட்டிங் 130 ரூபா, அமெரிக்க எலெக்ஷன் ஃப்ரீ

கிருஷ்ணகிரி பழையபேட்டைல ஒரு சலூன். மூணு சேர் இருக்கு, ஒண்ணு சுத்தாது, இன்னொண்ணு சாஞ்சா நிமிராது, ஒழுங்கா இருக்கறது நடுச்சேர் மட்டும் தான், அதுக்குத் தான் எல்லாரும் பெஞ்சுல காத்துக்கிட்டு இருப்பாங்க. போர்டு வெயில்ல வெளுத்துப் போய் 'ஹேர் கட்டிங்'னு மட்டும் தான் மிச்சம், பேரு அழிஞ்சு ரொம்ப நாளாச்சு, அதனால நானும் பேரு போடல. எட்டு வருஷமா அங்க தான் தலைய குடுக்கறேன், நடுவுல ரெண்டரை மாசம் மட்டும் வேற கடைக்கு ஓடிப் போனேன், அதுக்கும் அமெரிக்க எலெக்ஷனுக்கும் சம்பந்தம் இருக்குன்னு கடைக்கார அண்ணன் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு. அவசரத்துல இருக்கறவங்களுக்கு ரிவ்யூ இவ்ளோ தான்: வெட்டு நல்லா இருக்கும், கிருதா கோணலா இருக்கும், போகலாம். நேரம் இருக்கறவங்க மேல படிங்க.

கட்டிங் 130, ஷேவிங் 60, ரெண்டும் சேத்தா 180. ஆளுக்கு புது பிளேடு, நம்ம கண்ணு முன்னாடியே பேப்பரோட பாதியா ஒடச்சு கத்தில மாட்டுவாரு, இந்த விஷயத்துல அவர ஒரு குறை சொல்ல முடியாது. ஷேவிங் முடிஞ்சதும் படிகாரக் கட்டிய தண்ணில முக்கி முகம் பூரா தேய்ப்பாரு, லோஷன் இல்லையாண்ணான்னு கேட்டா "அது வாசனைக்கு, இது காயத்துக்கு"ன்னு சொல்லிடுவாரு. சின்னப் பசங்களுக்கு சேர் கைப்பிடி மேல பலகை போட்டு உக்கார வைக்கறதெல்லாம் இன்னும் இங்க உண்டு.

குறைன்னு பாத்தா நெறைய இருக்கு. மேல போத்தற துணில முந்தின ஆளோட முடி ரெண்டு இருக்கும். ஞாயித்துக்கிழமை போனா ஒன்றரை மணி நேரம். எனக்குப் பெரிய குறை கிருதா தான், வலது பக்கம் இடத விட அரை விரக்கடை மேல நிக்கும், எட்டு வருஷமா அப்படித் தான், ஒரு தடவ சொல்லிட்டேன், ரெண்டடி பின்னாடி போய் ஒரு கண்ண மூடி என் தலைய பாத்துட்டு "தம்பி, வெட்டு சரியாத் தான் இருக்கு, உங்க காது தான் மேல கீழ இருக்கு"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு ஸ்கேல் வச்சு அளந்து பாத்தேன், வெக்கத்த விட்டுச் சொல்றேன்.

ஆனா அங்க கூட்டம் வர்றது வெட்டுக்கு மட்டும் இல்ல, பேச்சுக்கு. 2024ல நடந்தத சொன்னாத் தான் புரியும்.

ஜூன் 27 அமெரிக்காவுல அப்ப அதிபரா இருந்த பைடனும் அவர எதிர்த்து நின்ன ட்ரம்ப்பும் நேருக்கு நேர் விவாதம் பண்ணினாங்க இல்ல, அட்லாண்டாவுல, அதுக்கு அடுத்த ஞாயிறு நான் பெஞ்சுல. டிவில அதத் தான் திருப்பித் திருப்பிப் போடறான், பைடன் பாதிப் பேச்சுல நின்னு போய் எதையோ தேடற மாதிரி பாக்கறாரு. பைடனுக்கு வயசு 81, ட்ரம்ப்புக்கு 78. அண்ணன் கத்தரிய நிறுத்திட்டு, "ஒருத்தருக்கு ஞாபகம் இல்ல, இன்னொருத்தர் மேல கேஸு, நடுவுல அந்த ஊரு ஜனம் என்ன பண்ணும்"னாரு. கேஸுன்னா சும்மா கேஸ் இல்ல, மே 30ஆம் தேதி தான் நியூயார்க் கோர்ட்ல ட்ரம்ப்ப 34 குற்றச்சாட்டுலயும் குத்தவாளின்னு ஜூரி சொல்லியிருந்தாங்க, ஒரு நடிகைக்கு வாய மூடக் குடுத்த பணத்த கணக்குல மாத்தி எழுதின விவகாரம்.

அங்க ரெகுலரா வர்ற ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் உண்டு, தலைல முடி பேருக்குத் தான் இருக்கு, வெட்ட வர்றாரா பேச வர்றாரான்னு தெரியாது. அவர் தான் எடுத்து விட்டாரு, "நம்ம ஊர்ல ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை விழுந்தா எம்.எல்.ஏ, எம்.பி பதவி போயிடும், உள்ள இருந்து வெளிய வந்தும் இன்னும் ஆறு வருஷம் நிக்க முடியாது. அங்க அரசியல் சட்டத்துல கேக்கறது மூணு தான்: பொறப்பால அந்த நாட்டுக்காரனா இருக்கணும், 35 வயசு ஆயிருக்கணும், 14 வருஷம் அங்க குடியிருந்திருக்கணும். ஜெயிலுக்குள்ள இருந்தே நிக்கலாம், 1920ல டெப்ஸ்னு ஒருத்தர் அட்லாண்டா ஜெயில்ல இருந்து நின்னு ஒம்பது லட்சம் ஓட்டு வாங்கியிருக்காரு." அண்ணன் அதுக்கு, "அப்ப தகுதி இருக்கா இல்லையான்னு ஜனமே பாத்துக்கணும், சட்டம் பாக்காது"ன்னாரு. வாத்தியார் கொஞ்ச நேரம் பேசல.

ரெண்டு வாரம் கழிச்சு ஜூலை 14 ஞாயிறு காலைல ஷேவிங்குக்குப் போறேன், டிவில பென்சில்வேனியாவுல ட்ரம்ப்ப சுட்டுட்டாங்கன்னு ஓடுது. அண்ணன் என் வலது காத ரெண்டு விரல்ல மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, கத்தி காதுக்குப் பின்னாடி இருக்கு, "இந்தக் காது தான் தம்பி. மேல் நுனி. நூலிழை"ன்னு சொல்லிக்கிட்டே கத்திய நகத்தறாரு. எனக்கு அன்னிக்கு அமெரிக்க அரசியல் ரொம்பக் கிட்டத்துல தெரிஞ்சுது.

அடுத்த வாரமே பைடன் போட்டில இருந்து விலகி, துணை அதிபரா இருந்த கமலா ஹாரிஸ் வந்தாச்சு. ஆகஸ்ட்ல போனா கண்ணாடிக்குக் கீழ ரெண்டு பவுடர் டப்பா, மூடில காசு போடற அளவுக்கு ஓட்ட, ஒண்ணுல ட்ரம்ப் இன்னொண்ணுல கமலான்னு டை அடிக்கற பிரஷ்ஷாலயே எழுதி ஒட்டியிருக்காரு, பக்கத்துல ஒரு கிண்ணத்துல புளியங்கொட்டை. நம்ம ஜில்லால புளியங்கொட்டைக்கா பஞ்சம், ரோட்டோரம் பூரா மரம் தான். வெட்டிக்கிட்டுப் போறவங்க ஒண்ணு போட்டுட்டுப் போகணும், அது தான் கட்டிங்கோட சேர்ந்த சர்வீஸு. ஒரே பிரச்சன, அவரு யாருக்குன்னு கேக்கறது ஷேவிங் நடுவுல, கத்தி கழுத்துல இருக்கறப்ப. அந்த நேரத்துல யாரு கொள்கை பேசுவான், அவரு மூஞ்சியப் பாத்துத் தான் பதில் சொல்லணும். ரகசிய ஓட்டுங்கறதோட அருமை எனக்கு அங்க தான் தெரிஞ்சுது.

நான் கமலான்னேன். ஏன்னாரு. அம்மா தமிழ்ப் பொண்ணு, தாத்தாவுக்கு துளசேந்திரபுரம், அங்க கோயில்ல நன்கொடை குடுத்தவங்க கல்லுல கமலா பேரும் இருக்கு, ஜெயிக்கணும்னு பூஜையெல்லாம் பண்றாங்கன்னேன். "துளசேந்திரபுரம் எங்க இருக்கு?" மன்னார்குடி பக்கம்னேன். "அதுக்கு இங்கிருந்து பெங்களூர் கிட்டக்க. பெங்களூர்க்காரன் நின்னா போடுவீங்களா?" பதில் வரல எனக்கு. உண்மையச் சொன்னா அந்தம்மாவோட கொள்கை என்னன்னு அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது.

மூணாவது டப்பா வந்தது பாயால. மாங்கா மண்டி வச்சிருந்தவரு, இப்ப பசங்க பாத்துக்கறாங்க. அவரு கிண்ணத்துல கைய விட்டு கொட்டைய எடுத்து கைலயே உருட்டிக்கிட்டு நின்னாரு, ரொம்ப நேரம். "காசாவுல கொழந்தைங்க மேல குண்டு போடறத நிறுத்துன்னு ரெண்டு பேர்ல யாரு சொல்றாங்க? யாருக்குப் போடச் சொல்றீங்க என்ன?"ன்னு கேட்டாரு. கடைல சத்தமே இல்ல. ஓசூர் கம்பெனிக்குப் போற தம்பி ஒருத்தன் தான் மெதுவா சொன்னான், மிச்சிகன்ல இதே கோவத்துல பிப்ரவரில நடந்த உள்கட்சித் தேர்தல்ல ஒரு லட்சம் பேருக்கு மேல 'யாருக்கும் இல்ல'ங்கற மாதிரி ஓட்டு போட்டாங்க பாய்னு. நமக்கு 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லி நோட்டா பட்டன் வந்துச்சு, அங்க அதிபர் தேர்தல்ல நெவாடாவ விட்டா அப்படி ஒண்ணு கெடையாது. அண்ணன் உள்ள போய் இன்னொரு டப்பாவ கழுவிக் கொண்டாந்து வச்சாரு, அதுல ஒண்ணுமே எழுதல. பாய் போட்டுட்டுப் போனாரு. அந்த எழுதாத டப்பாவுக்கு அப்புறம் நல்ல வரவேற்பு.

இந்த ஓசூர் தம்பி தான் எலெக்டோரல் காலேஜ் கணக்க, அதாவது மாநிலத்துக்கு இத்தன ஓட்டுன்னு பிரிச்சு வச்சு அதிபர தேர்ந்தெடுக்கற முறைய, எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. மொத்தம் 538, 270 வாங்கினா ஜெயிப்பு, ரெண்டு மாநிலம் தவிர மத்த எல்லாத்துலயும் அடுத்தவன விட ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்கினாலும் அந்த மாநிலம் பூரா உனக்கு. அதனால தான் 2016ல ஹிலாரி ட்ரம்ப்ப விட 28 லட்சம் ஓட்டுக்கு மேல அதிகம் வாங்கியும் தோத்தாங்க. எங்க யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே தெரிஞ்ச மாநிலத்துக்கு எவனும் போறதில்ல, ஏழு மாநிலம் தான் இழுபறி, அதுலயும் பென்சில்வேனியாவுக்கு 19 ஓட்டு. "அப்ப ஏழு ஊர்க்காரன் மாப்பிள்ளைய பாக்கறான், மீதி 43 ஊர்க்காரன் பந்தில உக்காந்து சாப்பிடறான்"னாரு அண்ணன். இதுக்கு மேல எந்தச் சேனல்லயும் இத தெளிவா சொல்லி நான் கேக்கல.

டெக்சாஸ்ல மகன் இருக்கற பெரியவர் ஒருத்தர், எந்த டப்பாவுலயும் போட மாட்டாரு. மகன் எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசைல பத்து வருஷமா நிக்கறான், அங்க ஓட்டு கெடையாது, இங்க போடணும்னா நேர்ல வந்து தான் போடணும். வரி மட்டும் கரெக்டா கட்டறான். "அவனுக்கே இல்லாத ஓட்டு எனக்கு எதுக்கு"ன்னுவாரு. வாத்தியார் விடுவாரா, "நமக்கு மட்டும் ஜனாதிபதிக்கு ஓட்டு இருக்காக்கும், நம்ம எம்.எல்.ஏ போடறாரு, ஒரு ஓட்டுக்கு மதிப்பு 176, அதுவும் 1971 ஜனத்தொகைய வச்சு"ன்னு ஆரம்பிச்சு தொரப்பள்ளிக்குப் போயிட்டாரு. ராஜாஜி பொறந்த ஊரு நம்ம ஓசூர் பக்கம் தானே, கடைசி கவர்னர் ஜெனரல், 1950ல அவரையே முதல் ஜனாதிபதியா வைக்கலாம்னு நேரு நெனச்சாரு, 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்த எதிர்த்தவர்னு கட்சில ஒத்துக்கல, ராஜேந்திர பிரசாத் வந்தாரு. எட்டு வருஷம் முன்னாடி எடுத்த ஒரு முடிவு, அத வச்சு எடை போட்டுட்டாங்க. சரியா தப்பான்னு அன்னிக்கு ஒரு தலை முழுசா வெட்டி முடியற வரைக்கும் சண்ட, அந்தத் தலை என்னுது, பிடரில படிக்கட்டு மாதிரி ஆயிடுச்சு, இதையும் குறைல சேத்துக்கங்க.

இப்ப முக்கியமான விஷயம். எல்லாரும் கமலா கமலான்னு கொட்டை போட்டுக்கிட்டு இருக்கறப்ப அண்ணன் மட்டும் ஆரம்பத்துல இருந்தே ட்ரம்ப் தான் வருவாருன்னாரு. பிடிச்சு சொல்லல, அந்தாள் முடிய பாத்தாலே அவருக்கு ஆகாது, முன்னாடி இருந்து பின்னாடியா பின்னாடி இருந்து முன்னாடியான்னு புரியாத முடின்னு திட்டுவாரு. ஆனா "முட்ட விலை ஏறிப் போச்சுன்னு அந்த ஊரு ஜனம் அழுவுது தம்பி, வெல ஏறினா ஜனம் எதிர்ல நிக்கறவன் யாருன்னு பாக்காது"ன்னாரு. வாத்தியார் புள்ளிவிவரத்தோட வந்தாரு, 2022 ஜூன்ல 9.1 சதவீதம் இருந்த விலைவாசி ஏத்தம் இப்ப 3 சதவீதத்துக்கு வந்தாச்சு, பைடன் ஆட்சில தான் கொறஞ்சுதுன்னு. அண்ணன் கத்தரிய கீழ வச்சாரு. "சார், விலை கொறஞ்சுதா, ஏறற வேகம் கொறஞ்சுதா?" வேகம்னாரு வாத்தியார். "அப்ப நாலு வருஷம் முன்னாடி நூறு ரூபாய்க்கு வாங்கினத இன்னிக்கும் நூத்தி இருவதுக்குத் தானே வாங்கறான். நீங்க காகிதத்த பாக்கறீங்க, அவன் பையப் பாக்கறான்." ராயக்கோட்டை மார்க்கெட்ல தக்காளி 2023ல வித்த விலைய எங்க வீட்ல இன்னும் சொல்லிக் காட்டறாங்க, ஏறினது ஞாபகம் இருக்கும், எறங்கினது இருக்காது, அவரு சொன்னது எனக்குச் சட்டுனு ஏறிடுச்சு. அக்டோபர்ல ஒரு டிவி நிகழ்ச்சில கமலாவ கேட்டாங்களே, பைடன்ல இருந்து நீங்க எத மாத்திப் பண்ணியிருப்பீங்கன்னு, ஒண்ணும் தோணலைன்னு சொல்லிட்டாங்க. தம்பி அத மொபைல்ல போட்டுக் காமிச்சான். அண்ணன் கையில சோப்பு நுரையோட, "போச்சு"ன்னாரு. அவ்ளோ தான்.

தீபாவளி அக்டோபர் 31, அதுக்கு மொத நாள் கடைல கால் வைக்க எடமில்ல. கடிகாரத்துக்குக் கீழ ஒரு அட்டை, 'கட்டிங் 130'. அது வரைக்கும் 100. சொல்லல கொள்ளல, பண்டிகை நேரத்துல முப்பது ரூபா. வாடகை, கரண்டு, பிளேடுன்னு அவரும் காரணம் சொன்னாரு, எல்லாம் ஞாயமான காரணம் தான், ஆனா எனக்கு எரிச்சல், வெட்டிக்கிட்டேன், குடுத்தேன், இனிமே வர்றதில்லைன்னு மனசுல முடிவு பண்ணிட்டேன்.

நவம்பர் 5 அங்க ஓட்டுப்பதிவு. செவ்வாய்க்கிழமை. அங்க எப்பவுமே நவம்பர்ல முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் தான், 1845ல போட்ட சட்டம், குதிர வண்டி காலத்துல ஞாயிறு சர்ச்சு, புதன் சந்தை, நடுவுல இது தான் கெடச்சுதாம். இங்க செவ்வாய்க்கிழமை சலூன் லீவு. எலெக்ஷன் அன்னிக்கு எங்க எலெக்ஷன் ஆபீஸ் பூட்டு. புதன்கிழமை மத்தியானம் சோத்து நேரத்துக்கெல்லாம் ட்ரம்ப் தான்னு தெரிஞ்சு போச்சு, எல்லாம் எண்ணி முடிச்சப்ப ஏழு மாநிலமும் அவருக்கே, 312க்கு 226, மொத்த ஓட்டுல வித்தியாசம் ஒன்றரை சதவீதம் தான். அந்தப் பக்கமா வண்டில போறப்ப வாசல்ல டப்பாவ கவுத்து எண்ணிக்கிட்டு இருந்தாங்க, கமலா டப்பா தான் கனம், எழுதாத டப்பா ரெண்டாவது. நான் நிறுத்தல. அண்ணன் பாத்தாரு, கைய மட்டும் தூக்கினாரு.

எதிர்ல, அதாவது நூறடி தள்ளி, புதுசா ஒரு ஏசி சலூன். அதையும் ஞாயமா சொல்லிடறேன். போன்ல நேரம் சொன்னா போதும், காத்திருக்க வேணாம். துணி ஒவ்வொருத்தருக்கும் புதுசு. கிருதா ரெண்டும் ஒரே கோட்டுல, கண்ணாடிய பாத்து கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன், எட்டு வருஷக் கனவு. கட்டிங் 250. முப்பது ரூபா ஏத்தினதுக்கு கோவிச்சுக்கிட்டு 250 ரூபா கடைக்குப் போனவன் நானு, இத வீட்ல சொல்லல. ஆனா அந்தப் பையன் வெட்டின நேரத்த விட 'சார் ஸ்கால்ப் ட்ரையா இருக்கு, சார் டேன் இருக்கு'ன்னு பேசின நேரம் அதிகம், வேணாம் வேணாம்னு சொல்லியும் முகத்துல எதையோ தடவிட்டான், பில்லு 900ஐத் தாண்டிடுச்சு. ரெண்டாவது தடவ வேற பையன், தாடைல கீறிட்டு டிஷ்யூ பேப்பர ஒட்டி விட்டான், படிகாரம் இருக்கான்னு கேட்டேன், அப்படின்னா என்னன்னான். மூணாவது தடவயும் போனேன், வேற பையன், என்னய யாருன்னே தெரியல, மறுபடி ஸ்கால்ப்ல இருந்து ஆரம்பிச்சான். அங்க யாரும் யார்கிட்டயும் பேசல, பாட்டு மட்டும் ஓடுது.

பொங்கல் முடிஞ்சு 2025 ஜனவரி 19, ஞாயிறு, பழைய கடைக்கே போயிட்டேன். பெஞ்சுல வாத்தியார், பாய், எல்லாம் இருக்காங்க. அண்ணன் துணிய ஒரு உதறு உதறி (முடி ரெண்டு அப்பவும் இருந்துச்சு) போத்தினாரு, எங்க போயிருந்தீங்கன்னு கேக்கல. தண்ணி அடிச்சு, சீப்பு வச்சு, ரொம்ப நேரம் கழிச்சு கண்ணாடில என்னப் பாத்து, "நாளைக்கு அங்க பதவியேத்துக்கறாரு"ன்னாரு. ஆமாண்ணா. "இன்னிக்கு இங்க நானு."

பெஞ்சே சிரிச்சுது. நான் விடாம, அதெப்படிண்ணா, நான் கமலாவுக்குத் தானே போட்டேன்னேன். "கொட்டைய அங்க போட்டீங்க, தலைய இங்க தானே கொண்டாந்து குடுத்தீங்க"ன்னாரு. வாத்தியார் பின்னாடி இருந்து, தோத்துட்டு நாலு வருஷம் கழிச்சு திரும்ப வந்தது இதுக்கு முன்னாடி கிளீவ்லேண்ட் ஒருத்தர் தான், 1884ல ஜெயிச்சு அடுத்ததுல தோத்து 1892ல மறுபடி வந்தாருன்னு ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு மனசுக்குள்ள குத்திச்சு. ட்ரம்ப்புக்குப் போட்டவங்கள நான் எவ்ளோ பேசியிருக்கேன் அந்தக் கடைலயே, எல்லாம் தெரிஞ்சும் எப்படிப் போட முடியுதுன்னு. கோணக் கிருதா, அழுக்குத் துணி, சொல்லாம விலை ஏத்தினது எல்லாம் தெரிஞ்சு தான் நானும் வந்து உக்காந்திருக்கேன். ஒண்ணு, சலூன் வேற நாடு வேறன்னு இப்பவும் நெனைக்கறேன், கிருதா கோணலா இருந்தா யாரும் சாகப் போறதில்ல. ஆனா அன்னிக்கு அந்தச் சேர்ல உக்காந்து வாதம் பண்ண எனக்கு வாய் வரல, கத்தி வேற கழுத்துல.

டப்பா இப்ப இல்ல. கொட்டைய எல்லாம் அண்ணனோட பேத்தி ஒத்தையா ரெட்டையா ஆட எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. எழுதாத டப்பா மட்டும் அங்கயே இருக்கு, சில்லறை போட்டு வைக்கறாரு. டெக்சாஸ் பெரியவர் 2025 செப்டம்பர்ல புது எச்1பிக்கு ஒரு லட்சம் டாலர்னு வந்தப்ப ரெண்டு வாரம் கடைக்கு வரல, அப்புறம் வந்து பழைய விசாக்காரங்களுக்கு இல்லையாம்னு சொல்லிட்டு நடுச்சேர்ல உக்காந்தாரு.

போறவங்களுக்கு: செவ்வாய் லீவு. ஞாயிறு போறதா இருந்தா காலைல ஏழு மணிக்கு முன்னாடி போங்க. ஜிபே இருக்கு, ஸ்பீக்கர் கத்தும். ஏசி கெடையாது, ஃபேன் நடுச்சேருக்கு மட்டும் தான் காத்து வரும். வண்டிய வாசல்ல நிறுத்தாதீங்க, பக்கத்து மளிகைக்கடைக்காரர் சத்தம் போடுவாரு. அஞ்சுக்கு மூணரை குடுக்கறேன், அரை படிகாரத்துக்கு. போன வாரம் வெட்டிக்கிட்டு வந்தேன், வலது கிருதா இன்னும் மேல தான் இருக்கு.